மாந்தைப் பிள்ளைக்கு யாருடைய அளவுகோல்?

இறுதியாண்டு தொடங்கினால் கலைப்பீடத்தில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அடுத்தது எங்க போறீர்?" உளவியலைப் பாடமாக எடுத்தவர்களிடம் இதற்கு இப்போது ஒரு தயார்ப் பதில் இருக்கிறது. பிரித்தானியாவில் விருத்தி உளவியலில் முதுமாணி. ஒரே வருசம். சிறுவர்களைப் பற்றிய படிப்பு. கேட்கவும் நல்லாயிருக்கும், வீட்டிலயும் மறுக்க மாட்டினம். விண்ணப்பத்தோடு கொடுக்கிற நோக்கக் கூற்றை, எஸ்.ஓ.பி என்று நாங்கள் சொல்வதை, கொஞ்சம் எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆள் மாறும், பல்கலைக்கழகம் மாறும், இந்த வசனம் மட்டும் மாறாது: "போரால் பாதிக்கப்பட்ட மன்னார் மாவட்டத்திலிருந்து வருகிறேன். படிப்பை முடித்ததும் என் மண்ணின் சிறுவர்களுக்குச் சேவை செய்யத் திரும்பி வருவேன்."

இந்தக் கட்டுரை அந்த வசனத்தோடு சண்டை பிடிக்க எழுதப்படுகிறது. போகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. எங்களிலேயே இரண்டு பேர் ஐ.ஈ.எல்.ரி.எஸ் வகுப்புக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அந்த வசனத்தில் வருகிற "போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்" யார் தெரியுமா? நாங்கள்தான். எங்களில் சிலருடைய வீடு திருக்கேதீஸ்வரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறது. 2009இல் எங்களுக்கு ஐந்து, ஆறு வயசு. ஆகவே எங்களைச் சொல்லி எழுதப்படும் வசனத்தைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு உரிமை இருக்கு.

அந்த வசனம் ஒரு விசயத்தைச் சொல்லாமலே சொல்கிறது. மாந்தைப் பிள்ளையின் மனசைப் பற்றிய அறிவு அங்கே ஒரு கடையில் தயாராகக் கிடக்கிறது, போய்க் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்தால் சரி என்கிறது. எங்கள் வாதம் இதுதான்: அந்தச் சரக்கு அங்கே இல்லை. அது இங்கேதான் செய்யப்பட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போகிற ஆளுக்கு அந்தப் படிப்பு பயன்படும். தெரியாமல் போகிற ஆள், திரும்பி வந்தால், வேறொரு பிள்ளையின் அளவுகோலைக் கொண்டுவந்து எங்கட பிள்ளையளின் தலையில் வைத்து அளப்பார்.

எடைக்கு ஆறு நாடு, மனசுக்கு?

வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மிட்வைஃப் அக்கா மாதாமாதம் நிறுத்து, புள்ளி வைத்து, கோடு இழுத்துத் தருவா. அந்த வளைகோடுகள் எங்கிருந்து வந்தன? உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 பிள்ளைகளை அளந்தது. அந்த அளவுகளை வைத்து 2006இல் வெளியிட்ட தராதரத்திலிருந்து வந்த கோடுகள் அவை. ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள்? அதற்கு முன்பு உலகம் முழுக்கப் பயன்பட்ட அட்டவணையில் குழந்தைகளுக்கான பகுதி, பெரும்பாலும் மாப்பால் குடித்து வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்து செய்யப்பட்டது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை நன்றாக வளர்ந்தாலும் அந்தக் கோட்டில் பின்தங்கியதாகத் தெரிந்தது. அளவுகோல் பிழை என்று கண்டு, புதிதாகச் செய்தார்கள்.

ஒரு பிள்ளையின் எடையை அளக்கவே ஆறு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சரி, பிள்ளையின் மனசுக்கு?

2017இல் மார்க் நீல்சனும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கு எடுத்தார்கள். விருத்தி உளவியலின் முன்னணி ஆய்விதழ்கள் மூன்றில் 2006 முதல் 2010 வரை வந்த கட்டுரைகளை எடுத்து, ஆராயப்பட்ட பிள்ளைகள் எந்த நாட்டவர் என்று பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அமெரிக்கா, பிற ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா. மிச்ச உலகம் முழுவதும் பத்துக்குள் அடக்கம். ஆசியா, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா எல்லாம் அந்தப் பத்துக்குள்தான் இடிபட வேண்டும். 2010இலேயே ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் இதைப் பொதுவாக உளவியல் முழுவதற்கும் சொல்லிவிட்டார்கள். மேற்கத்தைய, படித்த, தொழில்மயமான, பணக்கார, சனநாயக நாட்டு மனிதரைப் பார்த்துவிட்டு "மனிதர்" என்று எழுதுகிறார்கள் என்பதே அவர்கள் குற்றச்சாட்டு. அந்த ஐந்து சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் "விசித்திரம்" என்ற பொருளில் ஒரு சொல் வரும். வேண்டுமென்றுதான் அப்படி வைத்தார்கள்.

இதைச் சொன்னது நாங்கள் இல்லை, மேற்கின் ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அவர்கள் தங்கள் அளவுகோலைச் சந்தேகிக்கிற காலத்தில், நாங்கள் அதைக் கடன்பட்டு வாங்கப் போகிறோம்.

தாய் எந்த அறையில் இருக்கிறாள்?

ஓர் உதாரணம் எடுப்போம். மேரி எயின்ஸ்வேர்த் என்ற பெயரை உளவியல் படித்த எல்லாருக்கும் தெரியும். 1954–55இல் அவர் உகண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பிறகு அமெரிக்காவின் பல்டிமோரில் ஒரு சோதனையை வடிவமைத்தார். ஒரு வயது தாண்டிய குழந்தை ஓர் அறையில் தாயோடு இருக்கும். தெரியாத ஓர் ஆள் வருவார். தாய் வெளியே போவார், சில நிமிடத்தில் திரும்புவார். திரும்பும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து, அதன் பற்று பாதுகாப்பானதா, தவிர்ப்பதா, பதகளிப்பதா என்று பிரிப்பார்கள். பார்வை உகண்டாவில் தொடங்கியது, அளவுகோல் பல்டிமோரில் செய்யப்பட்டது. எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் வருவது இரண்டாவது மட்டும்.

அந்த அளவுகோலை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது என்ன நடந்தது? ஜேர்மனியின் பீலஃபெல்ட்டில் "தவிர்க்கும்" குழந்தைகள் எக்கச்சக்கம். ஜப்பானின் சப்போரோவில் "தவிர்க்கும்" குழந்தைகள் அநேகமாக இல்லை, "பதகளிக்கும்" குழந்தைகள் கூட. ஜப்பானியத் தாய்மார் பிழையாக வளர்க்கினமா? இல்லை. தாயை விட்டு ஒரு நிமிடமும் பிரிந்து பழகாத குழந்தையைத் தெரியாத அறையில் தனியே விட்டால் அது அலறும். அந்தச் சோதனை அங்கே அளந்தது பற்றை இல்லை, பழக்கத்தை.

இப்ப மாந்தைக்கு வருவம். எங்கட ஊரில் ஒரு வயசுப் பிள்ளை யாருடைய பிள்ளை? காலையில் அம்மம்மாவின் இடுப்பில், பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு மாமி மடியில், பின்னேரம் சித்தியோட கோயில் வீதியில். அம்மா வயலுக்கோ கருவாடு காயப்போடவோ போயிருப்பா. சிலருடைய அம்மா குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறா. இந்தப் பிள்ளையை அந்த அறைக்குள் விட்டால் அது என்ன செய்யும்? "தெரியாத ஆள்" என்று ஒருவரை எங்கட ஊரில் எங்க போய்த் தேடுவது? அந்தச் சோதனை இதற்கு என்ன முடிவு சொல்லும், அந்த முடிவுக்கு என்ன அர்த்தம்? விடை மன்னாரில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

இது வெறும் வகுப்பறைச் சண்டை இல்லை. 2013இல் இலங்கை அரசு, வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. பிறகு அது தளர்த்தப்பட்டது. ஆனால் பல வருடம் வறுமைப்பட்ட தாய்மாரின் வழியை அது மறித்தது. காரணம் என்ன சொன்னார்கள்? பிள்ளையின் நலன். பிள்ளைக்குத் தாய் ஒருத்தி மட்டுந்தான், அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. தகப்பன் போகலாமாம், அதற்குத் தடை இல்லை. அம்மம்மா கணக்கிலேயே இல்லை. அம்மம்மாவிடம் வளர்கிற பிள்ளைகள் உண்மையில் எப்படி வளர்கிறார்கள், எது அவர்களைத் தாங்குகிறது, எந்த வயதில் எது வலிக்கிறது என்று தமிழில், எங்கட கரையில், வருடக்கணக்காகப் பார்த்து எழுதப்பட்ட அறிவு கையில் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தோடு வாதாடியிருக்கலாம். அந்த வாதம் சில நேரம் தாய்மாருக்குச் சாதகமாக வந்திருக்கும், சில நேரம் பிள்ளையின் வலியைச் சொல்லியிருக்கும். இரண்டும் எங்களுக்குத் தேவை. விருத்தி உளவியல் என்பது எங்களுக்குப் பட்டம் இல்லை, வழக்கு.

எண்ணினார்கள், சொல்லவில்லை

"ஏன், எங்கட பிள்ளையளை ஆராயவே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆராய்ந்தார்கள். 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பிறகு உலகமே வந்து இறங்கியது. கேள்விக்கொத்துகளும் வந்தன. கிளாவ்டியா கட்டானியின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, வடகிழக்கின் 296 தமிழ்ப் பள்ளிப்பிள்ளைகளோடு கதைத்தது. போரையும் கடற்கோளையும் மட்டும் அவர்கள் கேட்கவில்லை. வீட்டுக்குள் நடக்கிற அடியையும் கேட்டார்கள். பிள்ளை வீட்டில் படும் வன்முறையோடு, போரில் பட்ட அனுபவமும் தகப்பனின் குடியும் சேர்ந்து நிற்கின்றன என்று கண்டார்கள். போர் வெளியே மட்டும் நடக்கவில்லை, முற்றத்தைத் தாண்டிக் குசினி வரைக்கும் வந்தது என்று விஞ்ஞானம் எழுதிவைத்தது.

2012இல் வீட்சே தோல் தலைமையில் வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. வட இலங்கையில் 399 பிள்ளைகள். பாதிப்பேருக்குப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து அமர்வுகள் கொண்ட உளசமூகத் திட்டம், மற்றப் பாதிப்பேர் காத்திருப்புப் பட்டியலில். முடிவு என்ன? மொத்தமாகப் பார்த்தால் நடத்தைப் பிரச்சினைகளில் மட்டுமே பலன் தெரிந்தது. மனவடு அறிகுறிகளில் ஆண்பிள்ளைகளுக்குச் சில நன்மை. பெண்பிள்ளைகளிலோ, திட்டத்துக்குப் போனவர்களை விடக் காத்திருந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள்.

திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. நல்ல நோக்கத்தோடு செய்த உதவி, பெண்பிள்ளைகளில் தானாக நடந்துகொண்டிருந்த தேறலைத் தடுத்திருக்கலாம். இப்படி ஒரு முடிவை மறைக்காமல் வெளியிட்ட ஆய்வாளர்களுக்கு மரியாதை. ஆனால் எங்கட பாடசாலைகளில் எத்தனை அதிபர்மாருக்கு இது தெரியும்? எத்தனை உளவளத்துணை ஆசிரியர்மாருக்கு? சேவை செய்யத் திரும்பி வருவேன் என்று எழுதுகிற எத்தனை பேர் இதை வாசித்திருக்கிறோம்? "சேவை" என்ற சொல்லைத் தூக்கிப் பிடிப்பதற்கு முதல் இந்த ஒரு கட்டுரையை வாசிக்க வேண்டும். சேவை தீங்காகவும் முடியலாம்.

எங்களில் சிலரும் பள்ளிக்கூடத்தில் இப்படிப் படிவம் நிரப்பியவர்கள்தான். "கெட்ட கனவு வருமா? ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி." பென்சில் தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள். ஒரு சேர் வந்து படம் எடுத்தார். முடிவு எங்களிடம் வரவேயில்லை. எங்கட கனவுக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்ல ஒருத்தரும் கடமைப்பட்டதாக நினைக்கவில்லை. இன்றைக்கு எங்கட கூட்டாளிமார் முதுமாணி ஆய்வுக்கு அங்கிருந்து ஒரு கூகுள் படிவத்தை அனுப்பி, "ஊரில முன்பள்ளி ரீச்சர்மாரிட்ட நிரப்பி எடுத்துத் தாங்கோ, அவசரம்" என்று வட்சப்பில் கேட்கும்போது, அந்தப் பிஸ்கட்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆள் மாறியிருக்கிறது. வேலை அதே வேலை.

கேட்காமல் கிடக்கிற கேள்விகள்

படிவத்தில் எப்போதும் மனவடு பற்றித்தான் கேட்பார்கள். எங்கட பிள்ளைக்கு மனவடுவைத் தவிர வேறு ஒன்றுமே இல்லையா? அது சிரிப்பதில்லையா, பொய் சொல்லப் பழகுவதில்லையா, "வாறன்" என்று பேசிவிட்டு "வருகிறேன்" என்று எழுதத் திணறுவதில்லையா? பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் ஐந்து வயசுப் பிள்ளை எப்படிப் பாலம் போடுகிறது என்பது உலகத்துக்கே சுவாரசியமான கேள்வி. இதை ஆங்கிலப் பிள்ளையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதைவிடப் பாரமான கேள்விகள் திருக்கேதீஸ்வரத்தின் தெருவிலேயே கிடக்கின்றன.

2013 டிசம்பரில் கோயிலுக்குப் போகும் பாதை அருகே தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. 2014 தொடக்கம் வரை தோண்டத் தோண்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். பழைய மயானம் என்று ஒரு பக்கம் சொன்னது. காணாமல் போனவர்களின் அம்மாமார் அதை ஏற்கவில்லை. அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். "அது ஆற்ற எலும்பு அம்மா?" என்று கேட்கிற ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? சாவு திரும்பாதது என்று பிள்ளைக்கு எந்த வயதில் விளங்குகிறது என்று விருத்தி உளவியலில் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் செத்தாரா இல்லையா என்றே தெரியாத மாமா ஒருவரின் படம் சுவரில் தொங்குகிற வீட்டில் அது எப்படி விளங்குகிறது? அந்த அத்தியாயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எழுதக்கூடியவர்கள் நாங்கள்.

2019 மார்ச். சிவராத்திரிக்கு முந்தின நாள். திருக்கேதீஸ்வரப் பாதையில் அமைத்த தற்காலிக வளைவு பிடுங்கப்பட்டது. சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் அந்த வளைவைப் பற்றி இருந்த பிணக்கு வீதிக்கு வந்தது. வீடியோ எல்லார் கைபேசியிலும் ஓடியது. யார் சரி யார் பிழை என்று இந்தக் கட்டுரையில் நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நாங்கள் கேட்பது இது: அந்த வீடியோவைப் பார்த்த நாலு வயசுப் பிள்ளைக்கு அன்றைக்கு என்ன விளங்கியது? "நாங்கள்", "அவையள்" என்ற பிரிப்பு எங்கட கரையில் எந்த வயசில் தொடங்குகிறது? 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது மன்னாருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவர்களும் எங்கட பிள்ளைகளும் ஒருவரையொருவர் முதலில் எந்தப் பெயரால் கேள்விப்படுகிறார்கள்?

இந்தக் கேள்வியை ஓர் ஊர் கேட்டிருக்கிறது. வட அயர்லாந்து. அங்கேயும் கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர் என்று பிரிந்து வருடக்கணக்கில் செத்தார்கள். 2002இல் போல் கொனொலியும் சகாக்களும் மூன்று முதல் ஆறு வயது வரையான 352 பிள்ளைகளோடு கதைத்தார்கள். கொடிகளின் படம், நிகழ்ச்சிகளின் படம், ஆட்களின் பெயர் எல்லாம் காட்டி, எது பிடிக்கும் என்று கேட்டார்கள். மூன்று வயதிலேயே விருப்பங்கள் சமூகத்துக்கு ஏற்பப் பிரியத் தொடங்கியிருந்தன. ஆறு வயதில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் தாங்கள் எந்தப் பக்கம் என்று சொன்னார்கள். நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் மற்றப் பக்கத்தைப் பற்றிக் குரோதமாகவே பேசினார்கள். "சின்னப்பிள்ளையள்தானே, அதுகளுக்கு என்ன விளங்கும்" என்று சொன்ன பெரியவர்களின் வாய் அடைபட்டது. அதைத் தொடர்ந்து முன்பள்ளிகளுக்கென்றே சிறு கார்ட்டூன் படங்களும் பாடத்திட்டமும் செய்து, ரீச்சர்மாரைப் பயிற்றி, மற்றப் பக்கத்துப் பிள்ளையோடு விளையாடப் பழக்கினார்கள்.

இதைக் கற்க பெல்ஃபாஸ்ட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் வந்து விமான நிலையத்தில் மாலை போடுவோம். அவரிடம் கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்வி மாந்தைச் சந்தியிலிருந்து கிளம்பியது. "ரசல் குழுமம், தரவரிசையில முப்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டு போகிறவரிடம் இருப்பது தரவரிசை மட்டும்.

காசும் பெயரும்

இனிக் காசைப் பற்றி. முகவர்மார் விளம்பரத்தில் சிரித்த முகங்களைத்தான் போடுவார்கள், கணக்கைப் போட மாட்டார்கள். நாங்கள் போடுகிறோம். பிரித்தானியாவின் பல பல்கலைக்கழகங்களில் சர்வதேச மாணவருக்கு இந்தப் படிப்பின் கட்டணம் 20,000 பவுணைத் தாண்டும். ஒரு பவுண் 400 ரூபா என்று வைத்தாலும் 80 இலட்சம். சுகாதார மேலதிகக் கட்டணம் மாணவருக்கு வருடம் 776 பவுண், வீசா கிடைக்க முதலே கட்ட வேண்டும். வாழ்க்கைச் செலவுக்குக் கையில் காசு காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் லண்டனுக்கு வெளியே அது மாதம் 1,136 பவுண், ஒன்பது மாதத்துக்கு 10,224. அது 28 நாள் வங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குக் காசு எடுத்துக் காட்டுகிற கதை யாருக்குத் தெரியாது? வயல் உறுதி எங்கே இருக்கிறது, அம்மாவின் தாலிக்கொடி எங்கே இருக்கிறது என்று அடைவுகடைக்காரருக்குத் தெரியும். 2022இல் நாடு வங்குரோத்தான போது 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. பாதிப் படிப்பில் நின்றவர்களின் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் கொடுத்து என்ன பெயர் கிடைக்கும்? இதைக் கவனமாக வாசியுங்கள். பிரித்தானியாவில் "மருத்துவ உளவியலாளர்", "கல்வி உளவியலாளர்" என்பன சட்டம் காக்கிற பெயர்கள். அந்த நாட்டுப் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு வருட விருத்தி உளவியல் முதுமாணி அந்தப் பதிவைத் தராது. அது ஆராய்ச்சிப் படிப்பு. பிள்ளையை எப்படிப் பார்ப்பது, எப்படி அளப்பது, எப்படி எழுதுவது என்று கற்பிக்கும். பிள்ளையைக் குணப்படுத்தும் உரிமம் தராது. இலங்கையிலும் மருத்துவ உளவியலாளராகப் பதிவதற்கு மருத்துவச் சபையின் வழி வேறு. "சேவை செய்யத் திரும்புவேன்" என்று எழுதியவர் திரும்பி வந்தால், மன்னாரில் அவருக்கென்று ஒரு கதிரை இல்லை.

ஆகவேதான் திரும்புவதில்லை. அதற்காக அவர்களைத் துரோகி என்று திட்டுகிற கூட்டத்தில் நாங்கள் இல்லை. 80 இலட்சம் கடனோடு யாரால் திரும்ப முடியும்? படிப்புக்குப் பின் வேலை செய்ய விடுகிற வீசாவையும் இரண்டு வருடத்திலிருந்து, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைக்கிறார்கள். கடனை அடைக்க ஓடுகிற ஓட்டத்தில், முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்துகொண்டு, குழந்தை வளர்ச்சி பற்றிய பட்டத்தைச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் எங்கட அண்ணாமார், அக்காமார்தான். அவர்கள் தோற்கவில்லை. அவர்களுக்கு விற்கப்பட்ட வசனம்தான் பொய்.

"அப்ப இஞ்சையே இருந்து என்ன செய்யிறது?"

இந்தக் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் உளவியலைப் பாடமாகப் படிக்கலாம். அதற்கு மேல், தமிழில் விருத்தி உளவியல் முதுமாணி என்று ஒரு கதவு இந்த நாட்டில் எங்களுக்குத் திறந்திருக்கவில்லை. கதவைத் திறக்காமல் வைத்துவிட்டு, யன்னலால் குதிக்கிறவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

இன்னொரு எதிர்வாதமும் வரும்: "விஞ்ஞானம் எல்லாருக்கும் பொது. தமிழ் உளவியல், சிங்கள உளவியல் எண்டு ஒண்டு இல்லை." உண்மை. பொது என்றால் எங்களையும் சேர்த்துத்தானே பொது? ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்த பிறகுதான் எடைக்கோடு பொதுவானது. நாங்கள் கேட்பதும் அதே பொதுமையைத்தான்.

இங்கிருந்து அறிவு பிறக்காது என்று நினைப்பவர்களுக்கு தயா சோமசுந்தரத்தின் பெயரைச் சொல்கிறோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்து, தான் பார்த்ததை 1998இல் ஆங்கில நூலாக எழுதினார். மேற்கின் மனவடுக் கோட்பாடு தனி ஆளின் மூளையோடு நின்றுவிடுகிறது, இங்கே முறிந்தது குடும்பமும் ஊரும் என்று கண்டு, 2007இல் "கூட்டு மனவடு" பற்றிக் கட்டுரை வெளியிட்டார். உலகம் அதை வாசித்தது, இன்றும் மேற்கோள் காட்டுகிறது. அவர் வெளிநாட்டிலும் இருந்தார், இங்கேயும் இருந்தார். போனதா நின்றதா என்பதல்ல அங்கே முக்கியம். கேள்வி இங்கே பிறந்தது. மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்கப் பெண் தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் வாழ்ந்து, அங்கே அன்பு எப்படிக் காட்டப்படுகிறது, எப்படி மறைக்கப்படுகிறது என்று 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு மட்டக்களப்புக்கு வந்து போருக்குள் பிள்ளைப்பருவத்தையும் விளையாட்டையும் பார்த்து 2007இல் இன்னொன்று எழுதினார். கடல் தாண்டி வந்தவர் எங்கட முற்றத்தில் குந்தியிருந்து பார்த்தார். எங்கட முற்றத்தில் பிறந்த நாங்கள் கடல் தாண்டிப்போய் அந்த முற்றத்தைப் பற்றிப் படிவம் அனுப்புகிறோம்.

நாங்கள் கேட்பவை

போகிறவர்களிடம்: போக முதல் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரு பக்கத்தில், தமிழில், எழுதுங்கள். ஊரில் ஒரு முன்பள்ளி ரீச்சரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவ சிரித்தால் கேள்வியை மாற்றுங்கள். வந்த முடிவை ஐந்து பக்கத்தில் தமிழில் எழுதி, படிவம் நிரப்பியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். புலமைப்பரிசில் இல்லாமல் வயலை அடகுவைத்துப் போகாதீர்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில், சீவனிங், இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். தமிழ் பேசுகிற பிள்ளைகளும் அம்மம்மாமாரும் அந்தக் கரையிலும் இருக்கினம். "வெளிநாடு" என்றால் லண்டன் மட்டும் என்று யார் சொன்னது?

ஆராய வருகிறவர்களிடம்: முடிவு எப்போது வரும், எந்த மொழியில் வரும் என்று எழுத்தில் தராமல் எங்கட பள்ளிக்கூடத்துக்குள் படிவத்தைக் கொண்டு வராதீர்கள். அதிபர்மாரே, இதைக் கேட்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பல்கலைக்கழகத்திடம்: இளமாணி மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் எழுதுகிற ஆய்வேடுகள் அலுமாரிக்குள் தூசி பிடிக்கின்றன. மாந்தை மேற்கில் முப்பது பிள்ளைகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு வருட மாணவர்களும் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினால், பத்து வருடத்தில் எங்களிடம் இருப்பது உலகத்தில் வேறு எவரிடமும் இல்லாத தரவு. இதற்கு வெளிநாட்டுக் காசு வேண்டாம். மன்னார் பஸ்ஸுக்கு ரிக்கெற் காசும், பெற்றோரின் சம்மதமும், பொறுமையும் வேண்டும். அதன் மேல் தமிழ்மொழி மூல முதுமாணியைக் கட்டுங்கள்.

மாகாண நிர்வாகத்திடம்: காலையில் எட்டு மணியிலிருந்து முப்பது பிள்ளைகளைப் பார்க்கிற முன்பள்ளி ஆசிரியைதான் இந்த மண்ணின் முதலாவது விருத்தி உளவியலாளர். எந்தப் பிள்ளை பேசவில்லை, எந்தப் பிள்ளை அடிவாங்கி வந்திருக்கிறது, எந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்ல மறுக்கிறது என்று அவவுக்குத் தெரியும். அவவுக்குக் கொடுக்கிற தொகையைச் சம்பளம் என்று சொல்லவே வெட்கமாயிருக்கு. அதை மாற்றாமல் பிள்ளை விருத்தி என்று கருத்தரங்கு வைக்காதீர்கள்.

கடைசியாக எங்களிடமே: அந்த வசனத்தை இனி எழுதுவதில்லை. "போரால் பாதிக்கப்பட்ட மண்ணிலிருந்து வருகிறேன்" என்று எங்கட காயத்தை நுழைவுச்சீட்டாக நீட்டுவதில்லை. "என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு உங்கள் நூலகத்தில் பாதி விடைதான் இருக்கிறது, மிச்சப் பாதி திருக்கேதீஸ்வரத்தில் இருக்கிறது" என்று எழுதுவோம். சேர்த்தால் சேர்க்கட்டும். சேர்க்காவிட்டாலும் அந்த மிச்சப் பாதி இங்கேதான் கிடக்கிறது, நாளைக்கு விடிய எட்டு மணிக்கு முன்பள்ளிக்குப் போனால் பார்க்கலாம்.